மேக்னாகட்டா, 14சி28என்-ஆ? மடக்குக்கத்தியில் என் ஓட்டு

அமெரிக்கக் கத்தி நிறுவனமான ஸ்பைடர்கோ, ஆம்ஸ்டர்டாமில் கத்திப் பிரியர்களோடு நடக்கும் சந்திப்பில், இன்னும் கடைக்கு வராத தன் மாதிரிக் கத்திகளை மேசை மேல் பரப்பி வைக்கும். வந்திருப்பவர்கள் ஒவ்வொன்றையும் எடுத்து, விரித்து, மடக்கி, படம் பிடித்துப் போடுவார்கள். படம் வெளியானதும் முதலில் எழும் கேள்வி, "என்ன ஸ்டீல்?" பூட்டு (விரித்த அலகு மடங்காமல் பிடிப்பது), கைப்பிடி, எடை எல்லாம் அப்புறம்தான். மேக்னாகட் என்ற புதுரக ஸ்டீலின் பெயர் பதிலாக வந்தால் கொண்டாட்டம். கொஞ்சம் பழைய ஸ்டீல் என்றால், "வடிவம் பிரமாதம், ஸ்டீலை மட்டும் மாத்தினா வாங்குவேன்" என்ற இழுவை. அந்த மாதிரிகளில் சில கடைக்கு வர வருடக்கணக்கில் ஆகும், சில வராமலே போகும். ஸ்டீல் சண்டை மட்டும் அன்றைக்கே ஆரம்பித்துவிடும்.

நான் வாங்கப் போனபோதும் கடைசியில் வந்து நின்றது இந்தச் சண்டையில்தான். ஒரு பக்கம் ஸ்பைடர்கோ நேட்டிவ் 5 சால்ட், மேக்னாகட் ஸ்டீல். மறுபக்கம் கெர்ஷா நிறுவனத்தின் லீக், ஸ்வீடனின் 14சி28என் ஸ்டீல். நான் எடுத்தது லீக். நேட்டிவ் நண்பர் ஒருவரிடம் இருக்கிறது. இரவல் வாங்கிப் பழகியிருக்கிறேன், தீட்டியும் கொடுத்திருக்கிறேன்.

மற்ற விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். இரண்டிலும் அலகு ஏறக்குறைய 3 அங்குலம். நேட்டிவ் சுமார் 70 கிராம், லீக் சுமார் 85. நேட்டிவின் கைப்பிடி சொரசொரப்பான நார்ப் பிளாஸ்டிக், ஈரக் கையிலும் வழுக்காது. லீக்குக்கு வழவழப்பான எஃகுக் கைப்பிடி, ஈரக் கையில் அதை நம்ப முடியாது. ஆனால் சட்டைப் பையில் இருப்பதே தெரியாத அளவுக்கு ஒல்லி. நேட்டிவின் பூட்டு முதுகில் இருப்பதால் இடக்கைக்காரருக்கும் வசதி. லீக் லேசாகத் தள்ளினாலே ஸ்பிரிங் உதவியோடு தானாக விரியும். சில நாடுகளில் இது சட்டச் சிக்கல், வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் நுனியும் ரொம்ப மெல்லிசு, டப்பா மூடியை நெம்புகிறவர்களுக்கு ஆகாது. விலையில் நேட்டிவ் நன்றாகவே அதிகம்.

இனி ஸ்டீல். மேக்னாகட்டை வடிவமைத்தவர் லேரின் தாமஸ் என்ற உலோகவியலாளர். 2021-இல் வெளிவந்தது. அதன் கெட்டிக்காரத்தனத்தை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். கத்திக்கான சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியத்தின் ஒரு பகுதி கார்பனோடு சேர்ந்து கார்பைடு என்ற கடினமான துகள்களாக ஒதுங்கிவிடும். அந்தப் பங்கு துருவைத் தடுக்க உதவாது. தாமஸ் குரோமிய கார்பைடே உருவாகாதபடி கலவையை அமைத்தார். உள்ளே இருக்கும் குரோமியம் 10.7 சதவீதம்தான், ஆனால் அத்தனையும் துருவோடு மட்டும் போராடும். தேய்மானத்தைத் தாங்குகிற வேலையை வனேடியம், நையோபியம் கார்பைடுகள் பார்த்துக்கொள்கின்றன. அதனால் துரு எதிர்ப்பு, உறுதி, கூர் நிலைப்பது மூன்றும் ஒரே ஸ்டீலில் கிடைக்கின்றன.

14சி28என்-இன் பின்னணியில் இத்தனை பளபளப்பு கிடையாது. சவர பிளேடுக்குப் பயன்பட்ட 13சி26 என்ற ஸ்டீல்தான் இதற்கு மூத்தது. கூருக்கு அது அருமை, ஆனால் துருவில் கொஞ்சம் பலவீனம். கெர்ஷாவின் தேவைக்காக சான்ட்விக் நிறுவனம் குரோமியத்தைக் கூட்டி, கார்பனைக் கொஞ்சம் குறைத்து, நைட்ரஜனும் சேர்த்துச் செய்ததுதான் 14சி28என். கார்பன் 0.62 சதவீதம், குரோமியம் 14, நைட்ரஜன் 0.11. கார்பைடு குறைவு, இருப்பதும் பொடிப்பொடியானது.

என் முடிவு இந்தக் கார்பைடில்தான் இருக்கிறது. கத்தி எவ்வளவு நாள் கூராக இருக்கிறது என்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மழுங்கிய பிறகு அதை யார், எதை வைத்துத் தீட்டப்போகிறார்கள் என்பதைப் பற்றிப் பேச்சே காணோம். பலர் வீட்டில் இருக்கும் தீட்டுக்கல் அலுமினியம் ஆக்சைடு. வனேடியம் கார்பைடு அதைவிடக் கடினம். கல் சுற்றியிருக்கும் எஃகை அரைக்கும், கார்பைடை அவ்வளவாக அரைக்காது. மேக்னாகட்டில் அந்தத் துகள்கள் ரொம்பச் சின்னவை என்பதால் சாதாரணக் கல்லிலும் கூர் வரும், வராமல் போகாது. ஆனால் தீட்டும்போது கத்தியின் வாயில், அதாவது வெட்டும் ஓரத்தில், எழும் பிசிறு லேசில் விடாது. போய்விட்டது என்று நினைத்துக் காகிதத்தில் இழுத்தால், பாதி வழியில் மாட்டும். வைரத்தூள் பூசிய தகடு இருந்தால் வேலை சுலபம். அப்படியானால் அந்தத் தகட்டின் விலையையும் கத்தி விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

லீக்கில் இந்தக் கதையே இல்லை. சமையலறையில் கிடக்கும் கல்லைத் தண்ணீரில் நனைத்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தீட்டி, பழைய தோல் பெல்ட்டில் நாலு இழுப்பு இழுத்தால் முடிந்தது. டீ ஆறுவதற்குள் வேலை ஆகிவிடும். தக்காளித் தோலில் வைத்தால் தானாக இறங்கும். சீக்கிரம் மழுங்குகிறது என்பது உண்மை. அட்டைப்பெட்டிகளை அறுத்துப் போட்டால் வித்தியாசம் கையிலேயே தெரியும், நேட்டிவ் இன்னும் வெட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் தீட்டுவது சுலபமாக இருப்பதால் லேசாக மழுங்கும்போதே கல்லை எடுத்துவிடுகிறேன். நண்பரின் நேட்டிவ் என் கைக்கு வரும்போதெல்லாம் மொண்ணையாகத்தான் வருகிறது. தீட்டக் கஷ்டம் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, நல்ல ஸ்டீலை மொண்ணையாகவே புழங்குகிறார். (இதைப் படித்தால் என்னைத் திட்டுவார்.)

மாதிரிக் கத்தியின் படத்தில் தெரியாத இன்னொன்றும் உண்டு: வாய்க்குப் பின்னால் அலகு எவ்வளவு தடிமன், தீட்டிய கோணம் என்ன என்பது. கோணத்தைக் குறைத்தாலே வெட்டும் திறன் நன்றாகக் கூடும், மேக்னாகட்டை உருவாக்கிய தாமஸே வலியுறுத்துகிற விஷயம் இது. பட்டறையில் எவ்வளவு கடினத்துக்குப் பதப்படுத்தினார்கள் என்பதும் அப்படித்தான். ஒரே ஸ்டீல் ஓர் இடத்தில் மென்மையாகவும் இன்னோர் இடத்தில் இறுக்கமாகவும் வரும். ஸ்டீலின் பெயரை மட்டும் பார்த்துத் துள்ளுகிறவர்கள் இதையெல்லாம் கேட்பதில்லை.

உப்புத்தண்ணீர் என்று வந்தால் நான் பேசாமல் ஒதுங்கிக்கொள்வேன். என் கத்தி கடலைப் பார்த்ததில்லை. எலுமிச்சை, மாங்காய், ஈரப் பை என்று பார்த்ததெல்லாம் அவ்வளவுதான். துடைத்து வைத்தால் துரு பிடிக்கவில்லை. படகில் போகிறவருக்கு, துடைக்க நேரமில்லாதவருக்கு நேட்டிவ்தான் சரி, அதன் பெயரிலேயே சால்ட் இருக்கிறது. நாள் முழுக்க அட்டையும் கயிறும் அறுக்கிற கிடங்கு வேலைக்காரரும் மேக்னாகட்டுக்கே போகலாம், ஒரு வைரத் தகட்டோடு. அடிக்கடி தீட்டித் தீட்டி லீக்கின் அலகு எத்தனை வருடத்தில் ஒடுங்கிப்போகும் என்பதை என் அனுபவத்தை வைத்து இப்போதைக்குச் சொல்ல முடியாது. அடுத்த ஆம்ஸ்டர்டாம் மேசையில் யாராவது 14சி28என் போட்டு, வாயை மெல்லிசாக இழைத்த ஒரு கத்தியை வைத்தால், கூட்டம் உதட்டைப் பிதுக்கினாலும் நான் விலை கேட்பேன்.