அரைவட்டத் தோல் கத்தி: வாங்கலாம், ஆனால் உறையும் சேர்த்து

புதுச்சேரி நேரு வீதியை ஒட்டிய ஒரு கருவிக் கடையில் வாங்கிய தோல் வெட்டும் இந்த அரைவட்டக் கத்தி, பார்வைக்கு முரடாகத் தெரிந்தாலும் கைக்கு அடக்கமானது. கைப்பிடியை நான்கு விரல்களாலும் சுற்றிப் பிடித்து, கட்டைவிரலை அதன் மேல்முனையில் ஊன்றி, அலகை உடலிலிருந்து விலக்கி முன்னோக்கித் தள்ளும்போது, விசை மணிக்கட்டில் தேங்காமல் தோளிலிருந்து இறங்குவதால், 3 மி.மீ. கனமுள்ள மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலும் இழுபடாமல் பிரிகிறது. தோலை அழுத்தும் இடக்கை எப்போதும் அலகுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். வளைவு வந்தால் கத்தியைத் திருகாமல் தோலைத் திருப்பிக்கொடுப்பதே நல்லது. ஓரத்தைச் சீவி மெலிதாக்குவதற்கு அலகைப் படுக்கையாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அதற்கும் இதன் வளைவு ஒத்துழைக்கிறது.

குறைகளும் உண்டு. கடையில் தந்த கூர் பழம் நறுக்கவே போதாது. மழுங்கிய அலகுக்கு அழுத்தம் கூடுதலாகத் தேவைப்படும், அழுத்தம் கூடினால் கத்தி வழுக்கும் என்பதால், முதலில் சாணைக்கல்லில் தீட்டி, பிறகு பச்சைநிறக் குரோமியம் ஆக்சைடு மெருகுப்பசை பூசிய தோல்வாரில், கூர்விளிம்பு முன்னால் போகாமல் பின்தொடரும்படி இழுத்து மெருகேற்றிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது. கார்பன் எஃகு என்பதால் இந்த ஊர்க் கடற்காற்றில் துரு விரைவில் ஏறும். எண்ணெய் தடவி வைப்பது கட்டாயம். அரைவட்டத்தின் இரு முனைகளும் கூரானவை, ஆயினும் உறை தரப்படவில்லை. கேட்டதற்கு, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள்.