காஸ் கீஸர் பற்றவில்லையா? 'போர்ட் போயிட்டுது' என்பவரிடம் கவனம்

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத் தொடர்மாடிகளில் காஸ் கீஸர் (காஸில் தண்ணீர் சூடாக்கும் கருவி) வைத்திருப்பவர்கள், முகநூல் விளம்பரம் பார்த்து ஆளைக் கூப்பிட முன் இதை வாசித்துவிடுங்கள்.

மாமி வீட்டு பல்கனியில் இருக்கும் கீஸர் ஒரு காலையில் பேசாமல் நின்றுவிட்டது. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் வழமையான டிக் டிக் சத்தம்கூட இல்லை. மாமி விளம்பரத்தில் இருந்த நம்பருக்கு அடித்தார். வந்தவர் மரியாதையாகத்தான் பேசினாராம். மூடியைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தார். "போர்ட் போயிட்டுது அன்ரி, கழற்றிக்கொண்டுபோய்த்தான் மாத்த வேணும்" என்றார். கீஸரைப் பற்றவைக்கும் மின்சுற்றுப் பலகையைத்தான் போர்ட் என்கிறார். பார்க்க வந்த கூலி 3,500 ரூபா, போர்ட்டுக்கு 18,500. பாதிக் காசோடு போர்ட் பெட்டியையும் கொண்டுபோனவர் மறுநாள் வந்து பூட்டினார். கீஸர் பற்றியது, மிச்சக் காசும் அவர் வங்கிக் கணக்குக்குப் போனது.

அந்த வார இறுதியில் நான் மூடியைத் திறந்து பார்த்தேன். கீஸரை முதலில் பூட்டிய பாஸ், போர்ட் பெட்டியில் மார்க்கரால் திகதி எழுதிவிட்டுப் போயிருந்தார். 'புது' பெட்டியில் தின்னர் போட்டுத் தேய்த்த வெள்ளைத் தடம், அதன் ஓரத்தில் மங்கலாக 2019. அதே கையெழுத்து! கீழே பற்றரிப் பெட்டியின் ஸ்பிரிங்கில் பச்சைத் தூளைக் கத்தியால் சுரண்டிய அடையாளமும், பளபளவென்று இரண்டு புதுப் பற்றரிகளும். நடந்த வேலை அவ்வளவுதான்.

இந்த வகைக் கீஸருக்குக் கரண்ட் வயர் கிடையாது. 1.5 வோல்ட் பெரிய பற்றரி இரண்டில்தான் பொறி அடிக்கிறது. தண்ணீர் போதிய வேகத்தில் ஓடினால்தான் உள்ளே சுவிட்ச் தள்ளுப்படும். ஆகவே சத்தமே இல்லை என்றால் முதலில் பற்றரி, அப்புறம் தண்ணீர் வரும் வாயில் இருக்கும் சின்ன வலை. தொட்டிக்கு நேர் கீழே உள்ள மேல்மாடிகளில் அழுத்தமும் குறைவாக இருக்கும். டிக் டிக் கேட்டும் பற்றவில்லை என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பாருங்கள். பற்றிச் சில விநாடியில் அணைந்தால், சுவாலையை உணரும் கம்பியில் கரி படிந்திருக்கலாம். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் இதைக் கேட்டுச் சிரித்தார். அங்கே குளிருக்குள் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பற்றாமல் நின்றாலும் இதே நாடகம்தானாம். அந்தக் கம்பியைத் துடைத்துவிட்டுப் போர்ட்டுக்கு பில் போடுகிறவர்கள் அங்கும் உண்டாம்.

காசு போனதைக்கூட விடலாம். மூடியைக் கழற்றும்போதே காஸ் மணம் வந்தது. சிலிண்டரை மூடிவிட்டு, காற்றோட்டம் வந்த பிறகு, சவர்க்கார நுரை தடவி ரெகுலேட்டரைக் கொஞ்சமாகத் திறந்தேன். ஹோஸ் கிளிப் அடியில் குமிழ் குமிழாக வந்தது. எதற்காகவோ ஹோஸைக் கழற்றியவர் கிளிப்பை இறுக்காமலே போயிருக்கிறார். 2021 கடைசியில் நாடு முழுக்கச் சிலிண்டர் வெடித்த செய்திகளைக் கேட்டு, கொழும்பில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்துபோன நுரைச் சோதனை இது. காசு வாங்கி வேலை செய்கிறவர் அதைச் செய்யாமல் போனதை நான் மன்னிக்கத் தயாரில்லை.

போன் எடுத்துக் கேட்டேன். "புது போர்ட்டிலும் நாங்கள் திகதி எழுதுவோம்" என்றார். 2019 என்றா எழுதுவீர்கள் என்றதும் லைன் கட். அதோடு வட்ஸ்அப்பிலும் புளொக். பற்றுச்சீட்டு கேட்டதற்கு "பிறகு அனுப்புறன்" என்று மாமிக்குச் சொல்லியிருந்தார், அதுவும் வரவில்லை.

யாரைக் கூப்பிட்டாலும் கழற்றிய சாமானை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோக விடாதீர்கள். கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால் முதலில் படம் எடுத்து வையுங்கள், பழையதைத் திருப்பிக் கேளுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. நாங்கள் வங்கி விபரத்தோடும் பெட்டியின் படத்தோடும் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். விளம்பரம் இப்போது வேறு பெயரில் ஓடுகிறது. நீல ரீசேர்ட் போட்டவர் கீஸர் முன் நிற்கும் படம் மட்டும் மாறவில்லை.