வீட்டு பீருக்கு மினி கெக்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிய வருபவை

4 லிட்டர் எவர்சில்வர் கெக் (பீர் நிரப்பும் சின்னப் பீப்பாய்), மூடியோடு சேர்ந்த டாப் (பீர் ஊற்றும் குழாய்த்திறப்பு), 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு கார்ட்ரிட்ஜ் (சின்ன வாயுக் குப்பி) மாட்டுகிற உள்ளங்கை அளவு ரெகுலேட்டர் (வாயு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி). வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் பாட்டில் கழுவிச் சலித்த பிறகு வாங்கும் முதல் டிராஃப்ட் அமைப்பு (பாட்டிலில்லாமல் டாப் வழியாக ஊற்றும் ஏற்பாடு) பெரும்பாலும் இதுதான். முதல் சில வாரங்கள் பிரமாதமாக இருக்கும். பிறகு அது அலமாரிக்குள் போய்விட்டால், கெக் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. வாயு கட்டுப்படியாகவில்லை, அல்லது கோப்பையில் பாதி நுரையாகவே வந்தது.

வாயுக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். ஒரு லிட்டர் பீரில் எத்தனை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கிறது என்பதைத்தான் ‘வால்யூம்’ என்கிறோம். சாதாரண ஏல் வகை பீருக்கு 2.2 முதல் 2.5 வால்யூம் போதும். 4 டிகிரி செல்சியஸில் 2.5 வால்யூமை அப்படியே வைத்திருக்க சுமார் 0.8 பார், அதாவது 12 பி.எஸ்.ஐ. அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தில் ஒரு லிட்டர் பீரை வெளியே தள்ளினால், காலியான இடத்தை நிரப்ப 3.5 கிராம் வாயு போகும். 4 லிட்டருக்கு 14 கிராம். ஆக, 16 கிராம் கார்ட்ரிட்ஜ் ஒரு கெக்கைக் காலி செய்ய மட்டுமே சரியாக இருக்கும்.

வாயுவே ஏறாத பீரை கார்ட்ரிட்ஜ் வைத்து ஏற்ற நினைத்தால் கதை வேறு. 20 டிகிரியில் நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே 0.85 வால்யூம் அளவுக்கு வாயு இருக்கும். மீதியை ஏற்ற லிட்டருக்கு 3.2 கிராம், 4 லிட்டருக்கு 13 கிராம் தேவை. ஏற்ற ஒன்று, ஊற்ற ஒன்று. கழுத்தில் நிற்கும் காற்றை வெளியேற்ற வாயுவை விட்டுவிட்டுத் திறந்தால் மூன்றாவதிலும் கை வைக்க வேண்டியிருக்கும். ‘ஒரு கார்ட்ரிட்ஜ், ஒரு கெக்’ என்ற விளம்பரம் பொய்யில்லை, ஆனால் ஏற்கெனவே வாயு ஏறிய பீருக்குத்தான் அது பொருந்தும்.

அதனால் கார்ட்ரிட்ஜ் அமைப்பில் வாயு ஏற்றும் வேலையைச் சர்க்கரையிடம் விடுவதே புத்திசாலித்தனம். லிட்டருக்கு 5 முதல் 6 கிராம் வெள்ளைச் சர்க்கரை, 4 லிட்டருக்கு 20 முதல் 24 கிராம். 60 மில்லி தண்ணீரில் கொதிக்க வைத்து ஆறவிட்டு, கிருமிநீக்கம் செய்த கெக்கின் அடியில் முதலில் ஊற்றிவிட்டு, அதன் மேல் பீரை சைஃபன் குழாய் வழியாகச் சலசலப்பில்லாமல் இறக்க வேண்டும். 20 முதல் 24 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் 2.2 முதல் 2.4 வால்யூம் வந்துவிடும். இன்னொரு லாபமும் உண்டு: மூடும்போது உள்ளே மாட்டிக்கொண்ட ஆக்ஸிஜனில் ஒரு பங்கை ஈஸ்ட்டே தின்றுவிடும்.

இதில் இரண்டு எச்சரிக்கை. அறை வெப்பத்தில் அதே வால்யூமுக்கு உள்ளழுத்தம் 2 பாரை நெருங்கும். டாப்பை மாட்டியபடி இரண்டு வாரம் வைக்காதீர்கள். துளையில்லாத மூடியைப் போட்டு வையுங்கள். மெல்லிய தகரத்தில் வரும் 5 லிட்டர் கேனுக்கோ மொத்தமே 15 முதல் 18 கிராம் சர்க்கரைதான். பாட்டிலில் அடைக்கும் பீருக்கான கணக்கில் சர்க்கரை போட்டால் அதன் அடியும் தலையும் உப்பிவிடும், உப்பியது பழைய நிலைக்குத் திரும்பாது. அந்தக் கேனின் உட்பூச்சு ஒரு முறை கீறினாலும் அந்த இடத்தில் துரு பிடிக்கும். சில தடவைக்கு மேல் அதை நம்ப முடியாது.

அடுத்தது நுரை. கெக் வைக்கும் பெரிய ஃபிரிட்ஜ்களில் 5 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் 2 முதல் 3 மீட்டர் ஓடும். அதன் உராய்வுதான் அழுத்தத்தைத் தின்று பீரை நிதானமாகக் கோப்பைக்கு அனுப்புகிறது. மினி கெக்கில் டாப் மூடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. 0.8 பாரிலிருந்து வெளிக்காற்றுக்கு ஒரே பாய்ச்சல், கரைந்திருந்த வாயு டாப்பின் வாயிலேயே உடைந்து நுரையாகிவிடும். வழக்கமான வைத்தியம், ஊற்றும் முன் அழுத்தத்தை 0.2 முதல் 0.35 பாருக்கு இறக்குவது. வேலை செய்யும், ஆனால் இறக்கும்போது வாயு வீண். அப்படியே விட்டுவிட்டால் சில நாளில் பீர் சப்பென்று ஆகிவிடும். திரும்ப ஏற்றினால் மறுபடி வாயுச் செலவு. ஒரே மாலையில் காலியாகும் கெக்குக்கு மட்டும் இந்த முறை சரி.

பக்கவாட்டில் சின்ன நெம்புகோல் உள்ள ஃப்ளோ கன்ட்ரோல் டாப் இதைவிட மேல். அதைப் பலர் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். முன்கைப்பிடியை முழுதாகத் திறந்துவிட்டு, வேகத்தைப் பக்க நெம்புகோலில்தான் குறைக்க வேண்டும். முன்கைப்பிடியைப் பாதி திறந்தால், எந்த விலை டாப்பாக இருந்தாலும் நுரைதான்.

அழகு பார்க்காதவர்களுக்கு மலிவான விடை: பிக்னிக் டாப், அதாவது குழாயின் நுனியில் மாட்டும் சின்ன பிளாஸ்டிக் டாப். 4 அல்லது 5 மி.மீ. குழாயில் 2 மீட்டர் எடுத்து, கெக்கின் கழுத்தைச் சுற்றி, டாப்போடு சேர்த்து ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். குழாயும் டாப்பும் பீரின் குளிர்ச்சியிலேயே இருப்பதால் முதல் கோப்பையும் ஒழுங்காக வரும். பளபளக்கும் குரோம் டாப் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் உடம்புச் சூட்டிலேயே முதல் கோப்பை பொங்கிவிடும். அதற்கு அழுத்தத்தைத் திருகுவது வீண். டாப்பைக் குளிர்விக்க வேண்டும்.

எல்லாக் கோப்பையும் நுரையாகி, குழாயில் ஓயாமல் குமிழி ஓடினால் வேறு இடத்தைப் பாருங்கள். பால் லாக் வகையில் (கனெக்டரைச் செருகிப் பூட்டும் முனைகள் கொண்ட கெக்) பீர் வரும் முனைக்குக் கீழே, அடியிலிருந்து பீரை மேலே கொண்டுவரும் டிப் ட்யூபின் தோளில் ஒரு சின்ன ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இருக்கும். அதில் வெடிப்பு விழுந்தால் மேலே நிற்கும் வாயு அங்கே புகுந்து பீரோடு கலந்து வரும். வெளியே கசிவு தெரியாது, சோப்பு நுரை வைத்தும் பிடிபடாது. ரெகுலேட்டரைத் திருகித் திருகி நாளைக் கழிப்பவர்கள் முதலில் இந்த வளையத்தைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

இரட்டைச் சுவர் கெக்கா, ஒற்றைச் சுவரா? வெளியே எடுத்துப் போகும் வேலை இருந்தால் மட்டும் இரட்டை. வெற்றிட இடைவெளி வெயிலை உள்ளே விடாதது போலவே ஃபிரிட்ஜின் குளிரையும் உள்ளே விடாது. இரட்டைச் சுவரில் அறை வெப்பத்தில் வாயு ஏற்றிய பீரைக் குளிரவைப்பது பெரிய பாடு. சர்க்கரை முறைக்கு ஒற்றைச் சுவர்தான்.

மினி ரெகுலேட்டரின் பலவீனம் உள் இருக்கை, அதாவது உள்ளே வாயுவை அடைத்து நிறுத்தும் பகுதி. சில மாதங்களில் அது தேய்ந்து, பூஜ்யத்துக்குத் திருகினாலும் அழுத்தம் மெல்ல ஏறத் தொடங்கும். ஊற்றி முடித்ததும் ரெகுலேட்டரைக் கெக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். ஆனால் கார்ட்ரிட்ஜ் அதிலேயே மாட்டியிருந்தால், கசிவுள்ள வாஷர் ஒரே இரவில் அதைக் காலி செய்துவிடும். கார்ட்ரிட்ஜைத் திருகும்போது தயங்கித் தயங்கித் திருகினால் துளைக்கும் நேரத்தில் வாயு சீறி வெளியேறும். ஒரே மூச்சில் இறுக்க வேண்டும். பயன்படுத்தும்போது தலைகீழாகவோ படுக்கவைத்தோ பிடிக்கக் கூடாது. திரவ நிலையில் இருப்பது ரெகுலேட்டருக்குள் பாயும். ஏர்கன்னுக்கு விற்கும் கார்ட்ரிட்ஜில் எண்ணெய்ப் பூச்சு இருக்கலாம், உணவுத் தரம் என்று எழுதியதை மட்டும் வாங்குங்கள்.

கைப்பம்பு வைத்த பார்ட்டி டாப் காற்றை உள்ளே அடிப்பது. அன்றே தீர்த்துவிட்டால் பரவாயில்லை.

சுத்தம் செய்வதில் சோம்பல்பட்டால் சுவையில் தெரியும். குழாயையும் டாப்பையும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காரக் கரைசலில் கழுவுவது மதுக்கூடங்களுக்கான விதி, வீட்டில் குறைந்தது ஒவ்வொரு கெக்குக்கும் ஒரு முறை. சோடியம் பெர்கார்பனேட் கலந்த 50 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசினால் போதும். சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாகப் படியும் பீர்க்கல் கால்சியம் ஆக்சலேட். காரத்தில் கரையாது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஃபாஸ்பாரிக் அமிலக் கரைசல் வேண்டும். குளோரின் பிளீச்சை எவர்சில்வரில் ஊறவைக்காதீர்கள், ஊசிமுனைக் குழிகள் விழும். ஓ-ரிங்குக்கு உணவுத் தர சிலிகான் பசை மட்டும் போட வேண்டும். பெட்ரோலியம் ஜெல்லி பட்டால் சிலவகை ரப்பர் உப்பிப்போகும்.

ஒரு கெக்கை இரண்டு மூன்று நாளில் முடிப்பவர்களுக்கு ஒற்றைச் சுவர் 4 லிட்டர் கெக், சர்க்கரை, பிக்னிக் டாப், கார்ட்ரிட்ஜ் என்ற கூட்டணி நன்றாகவே ஓடும். வாரக்கணக்கில் தினம் ஒரு கோப்பை என்பவர்கள் 9.5 லிட்டர் பால் லாக் கெக்கும் 2.27 கிலோ சிலிண்டரும் வாங்குவது மேல். அந்தச் சிலிண்டரில் சுமார் 140 கார்ட்ரிட்ஜுக்கு ஈடான வாயு இருக்கிறது. மினி கெக்கை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும் கவலைப்பட வேண்டாம். பால் லாக் முனை இருந்தால் அதே சிலிண்டரின் கனெக்டர் அதிலும் மாட்டும். வாயு முனையின் அடியில் வெட்டுப்பள்ளம் இருக்கும், பீர் முனையில் இருக்காது. மாற்றிச் செருகினால் சிக்கிக்கொள்ளும், சுத்தியல் எடுக்காமல் ஆட்டி ஆட்டித்தான் கழற்ற வேண்டும்.