நிலத்து ஆமைன்னு சொல்லி தண்ணி ஆமையை அனுப்பிட்டான், 14,500 போச்சு

டைப் பண்றப்ப கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க. தோட்டத்துல வளர்க்க ஆமை வாங்கலாம்னு யோசிக்கிறவங்க இதைப் படிச்சுட்டு அப்புறம் பணம் போடுங்க. எனக்குப் போனது 14,500 ரூபா, ஒத்தப் பைசா திரும்பல.

மதுரையில வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு சென்ட் இடம் சும்மா கிடக்கு. போன வருஷம் எங்க நாய் செத்ததுல இருந்து சின்னவன் எதாவது வளர்க்கலாம்னு உசுரை எடுத்துக்கிட்டு இருந்தான். சத்தம் போடாது, கடிக்காது, புல்லு தின்னும், ஆமை வாங்கலாம்னு நான்தான் சொன்னேன். அம்மா அப்பவே "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுடா"ன்னாங்க, சிரிச்சேன்.

எல்லாரும் ரீல்ஸ் பார்க்குற ஒரு ஆப்லதான் அந்த பேஜ் கிடைச்சது. பெட் ஷாப் மாதிரி போட்டிருந்தான், சென்னைப் பக்கம்னு சொன்னான். மொதல்ல நட்சத்திர ஆமை 4,000-க்கு இருக்கு, வேணுமான்னு கேட்டான். அங்கேயே நான் ஓடியிருக்கணும். அது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் பட்டியல்ல இருக்கு, வீட்ல வச்சிருந்தாலே குத்தம், 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் உள்ள போகலாம். அது எனக்குத் தெரியும், அதனால வேணாம்னேன். உடனே அவன் "சூப்பர் அண்ணா, உங்களை மாதிரி சட்டம் தெரிஞ்சவங்களுக்குத்தான் நான் குடுப்பேன், சல்காட்டா எடுங்க, ஆப்பிரிக்கா ஆமை, பேப்பரோட தர்றேன்"னான். திருடனைப் பிடிச்சோம்னு நினைச்சேன், அவன் எனக்கு சர்டிஃபிகேட் குடுத்துட்டு இருந்திருக்கான்.

நான் விழுந்த இடம் எதுன்னு சொல்றேன் பாருங்க. விலை பேசுறதுக்கு முன்னாடி "உங்க தோட்டத்தை வீடியோ எடுத்து அனுப்புங்க அண்ணா, இடம் சரியில்லைன்னா எவ்வளவு காசு குடுத்தாலும் நான் தரமாட்டேன்"ன்னான். எந்தத் திருடன் இப்படிக் கேப்பான்? அனுப்பினேன். பார்த்துட்டு, இது பொந்து தோண்டுற ஜாதி, சுவரை மண்ணுக்குள்ள ஒரு அடி இறக்கிக் கட்டுங்க, பாதி இடம் வெயில் பாதி இடம் நிழல் இருக்கணும், மழைத்தண்ணி தேங்கினா சளி பிடிச்சு செத்துரும் அதனால ஒரு ஓரம் மேடாக்கி கூரை போடுங்க, தீனிக்கு அருகம்புல்லு செம்பருத்தி இலை சப்பாத்திக்கள்ளி, ஓட்டுக்கு சுண்ணாம்புச் சத்து வேணும், நாட்டு மருந்துக் கடையில கடல்நுரை வாங்கிப் போடுங்கன்னு ஒவ்வொண்ணா சொன்னான். இதுல கொடுமை என்னன்னா சொன்னது அத்தனையும் சரி. அப்புறம் டாக்டர்கிட்டயும் கேட்டேன், சரின்னுதான் சொன்னார். வளந்தா 40, 50 கிலோ வரும், 50 வருஷத்துக்கு மேல இருக்கும், உங்க பேரன்தான் பார்த்துக்கணும்னு எச்சரிக்கை வேற. இவ்வளவு தெரிஞ்சவன் ஏமாத்துவான்னு எப்படி நினைப்பேன்.

கொத்தனாரைக் கூப்பிட்டு செங்கல் வச்சுக் கட்டினேன், அது தனியா 3,200.

அப்புறம் ஒரு வீடியோ அனுப்பினான். மணல் கலர் ஓடு, யானைக் கால் மாதிரி தூண் தூணா காலு, அஞ்சு இன்ச் இருக்கும், செம்பருத்தி இலையை நறுக் நறுக்குனு கடிச்சுட்டு இருக்கு, பின்னாடி கைப்பிடி உடைஞ்ச பச்சை பக்கெட். இதான் உங்களோடதுன்னான். 5,000 அட்வான்ஸ் யூபிஐல போட்டேன், பஸ்ல ஏத்துறதுக்கு முன்னாடி மீதி 9,500. ஆக 14,500. பேப்பர்னு ஒரு பிடிஎஃப் வந்துச்சு, சீல் எல்லாம் இருந்துச்சு, நான் சீலை மட்டும்தான் பார்த்தேன்.

வியாழக்கிழமை விடியக்காலை அஞ்சரைக்கு மாட்டுத்தாவணில ஆம்னி பஸ்ல இருந்து ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியை இறக்கிக் குடுத்தாங்க. வீட்ல வந்து பிரிச்சா கரும்பச்சை ஓடு, தட்டையா இருக்கு. கண்ணுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் ஸ்கெட்ச்ல இழுத்த மாதிரி சிவப்புக் கோடு. விரலுக்கு நடுவுல வாத்துக் கால் மாதிரி தோல். சின்னவனே "அப்பா இது அது இல்ல"ன்னுட்டான். போட்டோ அனுப்பினேன். "டிராவல் ஸ்ட்ரெஸ் அண்ணா, கலர் மாறும், ரெண்டு நாள் வெயில்ல விடுங்க"ன்னான். நானும் விட்டேன், அதான் இப்ப நினைச்சாலும் என்னை நானே அறையணும் போல இருக்கு. ரெண்டு நாளும் ஒரு இலை தொடல, சுவர் ஓரத்துலயே போய் முட்டிட்டு நின்னுச்சு.

சனிக்கிழமை மிருக டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனேன். பார்த்த உடனே சிரிச்சுட்டார். இது அமெரிக்காவுல இருந்து வந்த தண்ணி ஆமை, கலர் மீன் கடையில தொட்டியில விக்கிறதுதான், தண்ணிக்குள்ள தலையை விட்டாதான் இதுக்கு இரையை முழுங்கவே முடியும், நீங்க காய வச்சுட்டு இருக்கீங்கன்னார். அங்கேயே ஒரு டப்ல தண்ணி ஊத்தி தீனி போட்டார், பாய்ஞ்சு பாய்ஞ்சு தின்னுச்சு பாவம். வர்ற வழியில மீன் கடைக்காரர்கிட்ட காட்டினா, குட்டி ஐந்நூறு ரூபாகூட வராது சார், வளந்ததை ஜனங்க எங்ககிட்டயே சும்மா கொண்டாந்து விட்டுட்டுப் போறாங்கன்றார். சும்மா விட்டுட்டுப் போறதுக்கு நான் 14,500 குடுத்திருக்கேன்.

அதுக்கப்புறம் அவன் பேசின பேச்சைக் கேளுங்க. "ஆமைதானே கேட்டீங்க, ஆமைதானே வந்திருக்கு." நம்ம பாஷையில எல்லாத்துக்கும் ஒரே பேரு, அந்த ஓட்டையில புகுந்துட்டான். சல்காட்டான்னு அவனே டைப் பண்ணின மெசேஜைக் காட்டினேன். அப்ப பஸ்காரன் மாத்திருப்பான்னான். ஓட்டை போட்ட பெட்டியில இன்னொரு ஆமையோட எந்த பஸ்காரன்யா காத்துட்டு இருப்பான்? அப்புறம் திருப்பி அனுப்புங்க, பார்த்துட்டு பணம் போடுறேன்னான், அட்ரஸ் கேட்டா தரல. கடைசியா "ஃபாரஸ்ட்ல சொன்னா நீங்கதான் உள்ள போவீங்க, பேப்பரை நல்லா பாருங்க"ன்னு சொல்லிட்டு பிளாக் பண்ணிட்டான். அப்பதான் பிடிஎஃபை பெருசாக்கிப் பார்த்தேன். அதுல இருந்தது ஏதோ கிளி பேரு. யாரோ கிளி வாங்கினதுக்கான பேப்பர்! அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல, கேட் சத்தம் கேட்டாலே எந்திரிச்சுப் பார்த்தேன். அம்மா ஒண்ணும் சொல்லல, அமீனா வந்தாச்சான்ற மாதிரி ஒரு பார்வை மட்டும் பார்த்தாங்க.

ஆப்ல ரிப்போர்ட் அடிச்சேன், எங்க விதிகளை மீறலன்னு ரெண்டே மணி நேரத்துல பதில். சைபர் கிரைம் நம்பர் 1930-க்கு போன் பண்ணினேன், யூடிஆர் நம்பர், அதான் பணம் அனுப்பினதுக்கு பேங்க் தர்ற நம்பர் கேட்டாங்க, எழுதிக்கிட்டாங்க, பணம் போன உடனே கூப்பிட்டிருந்தா அவன் அக்கவுண்ட்ல நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்திருக்கும், நீங்க லேட்டுன்னாங்க. கம்ப்ளைண்ட் நம்பர் இருக்கு. 14,500 இல்ல.

தோட்டத்து ஆமை எப்படி தேர்ந்தெடுக்கணும்னு விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், இப்ப அதுக்குத் தெம்பு இல்ல. காலைப் பாருங்க, விரலுக்கு நடுவுல தோல் இருந்தா தண்ணி ஆமை, தூண் மாதிரி இருந்தா நிலத்து ஆமை. நேர்ல போய் கையில எடுத்துப் பார்க்காம காசு போடாதீங்க. நட்சத்திர ஆமை, நம்ம ஊர் குளத்துல இருக்கிற பாலாமை, எவன் குடுத்தாலும் வாங்காதீங்க. சல்காட்டா மாதிரி சைட்ஸ் பட்டியல்ல (உலக நாடுகள் சேர்ந்து வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற பட்டியல்) இருக்கிற வெளிநாட்டு ஜாதின்னா மத்திய அரசோட பரிவேஷ் போர்ட்டல்ல பதியணும், 2024-ல விதியே வந்திருக்கு, பேப்பர்ல ஜாதிப் பேரை எழுத்துக் கூட்டிப் படிங்க. அவ்வளவுதான் இப்ப வருது.

கண்மாயில விட்டுரலாமேன்னு யாரும் சொல்லாதீங்க. நம்ம ஊர் ஆமைங்க இரையை எல்லாம் இது தின்னு தீர்த்துரும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். பழைய சிமெண்ட் தொட்டில தண்ணி ரொப்பி, ஏறி வெயில் காய ரெண்டு செங்கல் வச்சிருக்கேன். சின்னவன் பேரு வச்சுட்டான். 3,200-க்குக் கட்டின சுவருக்குள்ள இப்ப அம்மா கீரை விதைச்சிருக்காங்க.

இதை ஏன் இன்னைக்கே எழுதுறேன்னா, நேத்து ராத்திரி என் மச்சான் அக்கவுண்ட்ல இருந்து அந்த பேஜைப் பார்த்தேன். அதே வீடியோ மறுபடி போட்டிருக்கான். அதே செம்பருத்தி இலை, அதே கைப்பிடி உடைஞ்ச பச்சை பக்கெட். விலை இப்ப 16,000. கீழே ஒருத்தர் "அண்ணா கோயமுத்தூருக்கு அனுப்புவீங்களா"ன்னு கேட்டிருக்கார்.