பேரணாம்பட்டு அருகே ஒரு குழந்தைகள் மையம்: இரண்டு ஆண்டுகள் பார்த்ததில் தெரிந்தவை

பலகையில் ‘குழந்தைகள் மையம்’ என்று எழுதியிருந்தாலும் எங்கள் ஊரில் பால்வாடி என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். பேரணாம்பட்டுக்கு அருகே, ரேஷன் கடைக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் நடுவில் உள்ள அந்த ஓரறைக் கட்டடத்துக்கு, என் பேத்தியை அவளுடைய இரண்டாம் வயதிலிருந்து அழைத்துச் சென்று வருகிறேன். என் மகள் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வண்டி தெருமுனைக்கு வந்துவிடும்; அவள் வீடு திரும்ப மாலை ஏழு ஆகிவிடும். பிள்ளையை எங்கே விடுவது என்று தவிக்கும் வீடுகள் இப்பகுதியில் ஏராளம் என்பதால், இந்த மையத்தைப் பற்றிக் கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன்.

நான் மனமாரப் பாராட்டுவது, மாதந்தோறும் தவறாமல் எடை பார்க்கும் வழக்கத்தை. பேத்திக்கு இரண்டரை வயது நடந்தபோது வயிற்றுப்போக்கு வந்து நின்றது. வளர்கிற பிள்ளை இளைத்துத்தான் தேறும் என்று வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மாதம் தராசு 9.7 கிலோ காட்டியது; அதற்கு முந்தைய மாதம் 10.3. டீச்சர் உடனே ஒரு நாடாவை எடுத்து, பிள்ளையின் இடது கையில் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றிப் பார்த்தார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறங்கள் உள்ள நாடா அது. அளவு 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் மஞ்சள், 11.5-க்கும் கீழே போனால் சிவப்பு. எங்கள் பிள்ளைக்கு 12.2-இல் நின்றது. “பயப்படாதீங்கம்மா, ஆனா இதை அப்படியே விட்டுடாதீங்க” என்று சொல்லி, மறுவாரம் கிராம சுகாதாரச் செவிலியர் வந்தபோது என்னை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

சத்துமாவைக் கஞ்சியாகக் கொடுத்தால் துப்பிவிடுகிறாள் என்று சொன்னேன். ஆயாம்மா அங்கேயே அடுப்பைப் பற்றவைத்து, மாவில் தண்ணீர் தெளித்துப் பிசறி, புட்டுப் போல ஆவியில் வேகவைத்து, தேங்காய்த் துருவலும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் சேர்த்துச் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிடித்துக் காட்டினார். பேத்தி நின்ற இடத்திலேயே மூன்று உருண்டைகள் தின்றாள். மூன்று மாதங்களில் எடை 10.8 கிலோவுக்கு ஏறியது. மாதாமாதம் எடை பார்த்து, குறைகிற பிள்ளையை மட்டும் தனியே கவனிக்கும் இந்த முறை, 1980-இல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்திலேயே வேரூன்றியது. மிகவும் நலிந்த குழந்தைகளுக்காக 2022-இல் ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டமும் வந்தது. ஆனாலும் தராசு முள்ளைப் பார்ப்பவருக்கு அக்கறை இல்லையென்றால் எந்தத் திட்டமும் ஒரு வீட்டுக் கதவைத் தட்டாது. எங்கள் டீச்சருக்கு அந்த அக்கறை இருக்கிறது.

மதியச் சாப்பாட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை. சோறு சூடாக இருக்கும். வாரத்தில் மூன்று நாள் முட்டை உண்டு. பாட்டும் கதையும் நாள்தோறும் நடக்கின்றன. எழுத்துப் பயிற்சி இல்லையே என்று மூன்று வயதுப் பிள்ளையை நர்சரிப் பள்ளிக்கு மாற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்த வயதில் மணலும் பாட்டுமே போதும் என்பது என் எண்ணம்.

கட்டடத்தின் நிலை அப்படியில்லை. வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை பிறந்துவிட்டால் அந்த ஒற்றை மின்விசிறிக்குக் கீழே இருபது பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். கழிப்பறையின் குழாயில் நான்கு மாதங்கள் தண்ணீர் வரவில்லை. குடிநீர்த் தொட்டியின் நிழல் விழுகிற கட்டடத்துக்கு, ஆயாம்மா பக்கத்து வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வந்ததை நான் பார்த்தேன்.

என்னுடைய பெரிய மனக்குறை நேரத்தைப் பற்றியது. மாலை நான்கு மணிக்கு மையம் மூடப்படும். மகள் வர இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும். எனக்கு உடம்பில் தெம்பு இருப்பதால் எங்கள் வீடு சமாளிக்கிறது. பாட்டி இல்லாத வீடுகளில் நான்காம் வகுப்பு படிக்கும் அக்காள் வந்து தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போகிறாள். வீட்டிலேயே பீடி சுற்றும் பெண்களின் பிள்ளைகள், இலையும் தூளும் பரப்பிய முறத்தின் பக்கத்திலேயே மாலைப் பொழுதைக் கழிக்கிறார்கள்.

1975 அக்டோபர் 2-இல், நாடு முழுவதும் 33 வட்டாரங்களில், இத்தகைய மையங்களை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கப்பட்டபோது, வயலுக்குப் போன தாய் பெரும்பாலும் கூப்பிடு தூரத்தில் இருந்தாள். இன்று அவள் ஒரு மணி நேரப் பயணத் தொலைவில், கைப்பேசியைப் பையில் பூட்டிவைத்துவிட்டுத் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். சமவெளியில் 400 முதல் 800 பேர் கொண்ட மக்கள்தொகைக்கு ஒரு மையம் என்பது வகுத்த கணக்கு. தாய்மார் எத்தனை மணிக்குப் புறப்பட்டு எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும், ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டவரோ வேலை செய்யும் நிறுவனங்கள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்று 2017-இன் மகப்பேறு சட்டத் திருத்தமும், 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வரும்வரை சொல்லிவந்தன. நல்ல சட்டங்கள்தாம். ஆனால் நிற்க இடமில்லாத வண்டியில், விடியற்காலையில், ஒன்றரை வயதுப் பிள்ளையை எப்படி ஏற்றுவது? காப்பகம் வேலை செய்யும் இடத்தைவிடத் தாய் குடியிருக்கும் தெருவில் இருந்தால்தான் பயன்படும். அங்கன்வாடியோடு காப்பகத்தை இணைக்கும் மத்திய அரசின் ‘பால்னா’ திட்டம் இந்த வழியில் நடக்கிறது. நாளுக்கு ஏழரை மணி நேரம் என்ற அதன் அளவுகூட எங்கள் பக்கத்து ஷிப்டுக்குப் போதாது.

இந்தக் கூடுதல் நேரத்தை இப்போது இருக்கும் டீச்சர் தலையில் கட்டுவது அநியாயம். ஒரு பணியாளரும் ஓர் உதவியாளருமே சமையல், பாடம், எடை, கர்ப்பிணிகள் வீட்டுக்குச் செல்லுதல், பதிவேடு என எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கிறார்கள். 2021-இலிருந்து கைப்பேசிச் செயலியிலும் தினமும் பதிவேற்ற வேண்டியிருக்கிறது. மாலை வேளைக்கென்று தனி ஆள், அவருக்கென்று தனிச் சம்பளம் வேண்டும்.

இரண்டு வயது நிரம்பிய பிள்ளையை, மாலையில் அழைத்துவர வீட்டில் ஒருவர் இருந்தால், தயங்காமல் இங்கே சேர்க்கலாம். தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்; எடை பார்க்கும் நாளில் நீங்களும் கூட நில்லுங்கள்.

கடந்த மே 1 அன்று நடந்த கிராம சபைக்கு எங்கள் தெருவிலிருந்து பதினான்கு தாய்மார் வந்தார்கள். கம்பெனிக்கு விடுமுறையாக இருந்ததால்தான் அவர்களால் வர முடிந்தது. மையத்தை மாலை ஏழு மணி வரை திறந்துவைக்க வேண்டும், அதற்கு ஓர் ஆளை நியமிக்க வேண்டும், குழாயைச் சரிசெய்ய வேண்டும் என்று மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தோம். ஜூன் மாதத்தில் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது; மற்ற இரண்டும் தீர்மானப் புத்தகத்தில் இருக்கின்றன.