ஓடியோ கோப்பின் உண்மை சொல்லும் இரண்டு கட்டளைகள்: எஃப்எஃப்புரோப், சொக்ஸ்ஐ

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு அலுமாரியில் அப்பப்பாவின் கதாப்பிரசங்கங்கள் அறுபது நிமிடக் கசெட்டுகளாக 23 கிடந்தன. அவற்றை ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கொடுத்து, சுருக்கப்படாத வேவ் கோப்புகளாகவே வேண்டும் என்று கேட்டிருந்தேன். பென் டிரைவில் வந்தவை அனைத்தும் வேவ் என்ற பின்னொட்டைத்தான் தாங்கியிருந்தன. ஆயினும் ஒவ்வொன்றும் 58 மெகாபைட்டைத் தாண்டவில்லை. விநாடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், இரு தடங்கள் என்றால் விநாடிக்கு 176,400 பைட் வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு அது ஏறத்தாழ 635 மெகாபைட் ஆகும்.

சந்தேகத்தைத் தீர்த்தது எஃப்எஃப்புரோப் (ffprobe) என்ற கட்டளை. 2000ஆம் ஆண்டு ஃபப்ரிஸ் பெலார் தொடங்கிய, ஒலி, ஒளிக் கோப்புகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) மென்பொருள் திட்டத்தின் ஒரு பகுதியாக இது இலவசமாகவே கிடைக்கிறது. கோப்பின் பெயரை நம்பாமல் உள்ளிருக்கும் பைட்டுகளைப் பார்த்து முடிவுசெய்வதே இதன் பெருமை. கட்டளைக்குப் பின் கோப்பின் பெயரைத் தட்டியதும், எம்பி3, 128 கிலோபிட் என்று திரையில் விழுந்தது. சுருக்கப்பட்ட எம்பி3 கோப்புகளின் பெயரை மட்டும் மாற்றித் தந்திருக்கிறார்கள்!

குறையும் உண்டு. வெறுமனே இயக்கினால், அந்த மென்பொருள் தொகுக்கப்பட்ட விதம் பற்றிய விபரங்களே திரையை நிரப்பிவிடும். அவற்றை மறைக்கத் தனித் தெரிவு சேர்க்க வேண்டும். அதைவிட முக்கியமாக, பிட் வீதம் (விநாடிக்குச் செலவாகும் பிட்டுகள்) மாறிக்கொண்டே செல்லும் எம்பி3 கோப்பில் மொத்த நீளம் பற்றிய தலைப்புத் தகவல் இல்லாவிட்டால், இது காட்டும் நேரம் வெறும் மதிப்பீடே. பிழையாக இருக்கலாம் என்று அதுவே எச்சரிக்கும். அத்தகைய கோப்பை எஃப்எஃப்எம்பெக் கொண்டு முழுவதுமாக ஓடவிட்டு, இறுதியில் நிற்கும் நேரத்தை எடுத்துக்கொள்வதே நம்பகமான வழி.

சொக்ஸ் (SoX) என்ற ஒலி மென்பொருள் தொகுப்புடன் வரும் சொக்ஸ்ஐ (soxi) கட்டளை பழையது, அதன் 14.4.2 பதிப்பு 2015இல் வெளிவந்தது. கைபேசிகள் பதியும் எம்4ஏ கோப்புகளை அது திறக்காது. உபுண்டு இயங்குதளத்தில் எம்பி3க்கும் தனிப் பொதி நிறுவ வேண்டும். ஆனால் வேவ் கோப்புகளுக்கு அது தரும் சுருக்கமான விடை மனத்துக்கு இதமானது. பெரிய எழுத்து டீ (-D) கொடுத்தால் நீளம் விநாடிகளில் வரும். சின்ன எழுத்து டீ (-d) கொடுத்தால் மணி, நிமிடம், விநாடி என்று பிரிந்து வரும். அதனுடன் பெரிய எழுத்து ரீயையும் (-T) சேர்த்தால் எல்லாக் கோப்புகளினதும் கூட்டுத்தொகையே கிடைத்துவிடும். எஃப்எஃப்புரோப்பில் இதற்குச் சிறு நிரலொன்று எழுத வேண்டும்.

கூடத்தினர் மறுபடி மாற்றித் தந்த 23 கோப்புகளையும் இவ்வாறு கூட்டிப் பார்த்தேன். 23 மணித்தியாலம் அளவில் வரவேண்டியது 22 மணி 34 நிமிடமாக நின்றது. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது, 17ஆம் கசெட்டின் மறுபக்கம் பதியப்படவேயில்லை என்பது தெரிந்தது.