பழைய அலுமினிய வள்ளம், ஏழு கோடை: பெரும்பாலும் றிவெற் கசிவு பற்றி

"அண்ணை, 14 அடி அலுமினிய வள்ளம் ஒண்டு ட்ரெயிலரோட சும்மா தருகினம், எடுக்கட்டோ?" என்று போன கிழமை ஒரு தம்பி கேட்டார். ஒன்ராறியோவில் ஏரிக்கரைப் பக்கம் போனால் இப்படியான வள்ளங்கள் வீட்டுக்கு வீடு கவிழ்ந்து கிடக்கும். அனேகமாக 1970களிலும் 80களிலும், தகடுகளை றிவெற் என்கிற தறையாணிகளால் பொருத்திச் செய்த வள்ளங்கள். நீளம் அகலம், எத்தனை பேர் ஏறலாம், எத்தனை குதிரைவலு தாங்கும் என்பதெல்லாம் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். என்னிடமும் உள்ள இப்படியான ஒன்றில் சிம்கோ ஏரியிலும் ஸ்கூகொக் ஏரியிலும் ஏழு கோடை ஓடின பிறகு சொல்வதற்குப் பெரிதாக மிஞ்சியிருப்பது ஒரே விஷயம்: றிவெற் கசிவு. மோட்டர் பூட்டுகிற பின்பலகை, தளம், பெயின்ற் எல்லாம் ஒருமுறை ஒழுங்காகச் செய்தால் முடிகிற வேலை. கசிவு மட்டும் ஒவ்வொரு வருடமும் திரும்பி வரும்.

முதலில் அது ஏன் கசிகிறது என்று விளங்க வேண்டும். வள்ளத்தின் அடித்தகடு 1.6 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற இடத்தில், பெரும்பாலும் 4.8 மில்லிமீற்றர், அதாவது 3/16 அங்குல றிவெற்றுகள் வரிசையாக நின்று இறுக்கிப் பிடிக்கின்றன. அலையில் அணியம், அதாவது முன்பக்கம், எழும்பி விழும்போது விலா எலும்புபோல் நிற்கிற குறுக்குச் சட்டங்களுக்கு நடுவில் இருக்கிற தகடு உள்ளே வெளியே அமுங்குகிறது. அந்த அசைவு முழுவதும் றிவெற்றின் கழுத்தில் வந்து விழும். வருடக்கணக்கில் அடி வாங்க, வட்டமாக இருந்த துளை கொஞ்சம் நீள்வட்டமாகும், பிடி தளரும், தண்ணீர் வழி கண்டுபிடிக்கும். குளிர்காலத்தில் தகடுகளுக்கு இடையில் நின்ற தண்ணீர் பனிக்கட்டியாகி ஒன்பது வீதம் பெருத்து அந்த இடைவெளியை இன்னும் நெம்பும்.

தளர்ந்த றிவெற்றைக் கண்ணால் பிடிக்கலாம். தலையைச் சுற்றி கரி பூசினதுபோல ஒரு சாம்பல் கறுப்பு வளையம் இருக்கும், விரலால் தேய்த்தால் விரலில் ஒட்டும். றிவெற்றும் தகடும் ஒன்றையொன்று உராய்ந்து விட்ட அலுமினியத் தூள் அது. இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் விரல் நுனியைப் பாதி றிவெற் தலையிலும் பாதி தகட்டிலும் வைத்துக்கொண்டு, உள்ளே நிற்கிற ஆளைக் காலால் அந்த இடத்தை அழுத்தச் சொல்லுங்கள். தளர்ந்ததென்றால் விரலுக்கு ஒரு சின்னத் துடிப்பு தெரியும்.

தண்ணீர் விட்டுப் பார்ப்பது எல்லாரும் செய்வதுதான்: ட்ரெயிலரில் வைத்தபடி வள்ளத்துக்குள் தண்ணீரை நிரப்பி, வெளியே துளி வருகிற இடத்தை மார்க்கரால் வட்டமிடுவது. இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அடி அகலம் ஒரு மீற்றர், நீளம் நாலு மீற்றர் என்று வைத்தால் ஒவ்வொரு சென்ரிமீற்றர் ஆழத்துக்கும் 40 கிலோ ஏறுகிறது. பத்து சென்ரிமீற்றர் விட்டால் 400 கிலோ, அது ட்ரெயிலர் கட்டைகள் இரண்டின்மேல் மட்டும் நிற்கும். புதுக் கசிவை நாங்களே உண்டாக்கிவிடுவோம். அணியத்தை உயர்த்திப் பின்பக்கம் கொஞ்சம், பிறகு பின்பக்கத்தை உயர்த்தி முன்பக்கம் கொஞ்சம் என்று பிரித்துப் பாருங்கள். மற்றது, நின்ற இடத்தில் சொட்டாத றிவெற் ஓட்டத்தில் சொட்டும். முற்றத்தில் துளி தண்ணீர் வராத வள்ளம், காற்றுள்ள நாளில் சிம்கோவில் இரண்டு மணித்தியாலம் ஓடினால் அடியில் ஒரு வாளி தண்ணீர் சேர்த்து வைத்திருக்கும். அதனால் வட்டமிட்டதை மட்டும் திருத்தினால் போதாது. கறுப்பு வளையம் உள்ளவை எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

திருத்துகிற ஒழுங்குதான் மிக முக்கியம். முதலில் றிவெற்றை அடித்து இறுக்க வேண்டும், கசிவை அடைக்கும் பூச்சைப் பூசுவது பிறகு. பத்தில் எட்டுப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பூச்சு முதலில் போனால் அது றிவெற்றின் அடியில் புகுந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு அடித்தாலும் தகடுகள் நெருங்காது.

அடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியலில் றிவெற் தலைக்குப் பொருந்துகிற குழிவான முனையைப் போட்டுப் பிடிப்பார். சாதாரணக் காற்றுச் சுத்தியலுக்கு .401 அங்குலத் தண்டுள்ள முனை பொருந்தும். உள்ளே மற்றவர் நாலைந்து இறாத்தல் இரும்புக்கட்டி ஒன்றை றிவெற்றின் வாலோடு, அதாவது உள்பக்க முனையோடு, அழுத்திப் பிடிக்க வேண்டும். காற்றமுக்கத்தைக் குறைத்து, ஒரு செக்கன் இரண்டு செக்கன் அடித்தால் போதும். தளர்ந்த றிவெற் மந்தமாகச் சத்தம் போடும். இறுகியதும் சத்தம் கணீரென்று மாறும். அந்த மாற்றம் கேட்டவுடன் நிறுத்த வேண்டும். இன்னும் அடித்தால் வால் வெடிக்கும், அல்லது சுற்றியுள்ள தகடு நெளிந்து பக்கத்து றிவெற் தளரும். கட்டியைச் சரித்துப் பிடித்தால் வால் ஒரு பக்கம் மடியும். அதை எடுத்துவிட்டுப் புதிது போடுவதைத் தவிர வழியில்லை.

புதிது போடுவதென்றால் தலையின் நடுவில் குத்தி அடையாளமிட்டு, 3/16 அங்குலத் துளையிடும் அலகால் தலையின் தடிப்பளவுக்கு மட்டும் துளைத்து, தலையைத் தட்டிக் கழற்றி, மிச்சத்தை உள்பக்கம் தட்டி வெளியேற்ற வேண்டும். முழுதாகத் துளைத்தால் அலகு ஓடித் துளை பெருக்கும். பிறகு 11ஆம் இலக்க அலகால் துளையைச் சுத்தப்படுத்தலாம். துளை ஏற்கனவே நீள்வட்டமாகியிருந்தால் 1/4 அங்குலத்துக்குப் போவதுதான் சரி. நீளக் கணக்கு: தகடுகளின் மொத்தத் தடிப்போடு றிவெற் விட்டத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள். 1.6 தகடு இரண்டுக்கு 3.2, அதோடு 7.2, மொத்தம் 10.4 மில்லிமீற்றர். அடித்து முடித்த வால் விட்டத்தில் ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருந்தால் வேலை சரி. றிவெற்றைப் போட முன் 5200 போன்ற பொலியூரித்தேன் சீலன்ற்றில் தோய்த்துப் போடுங்கள்.

ஒரு பக்கத்தில் நின்றே போடக்கூடிய பொப் றிவெற் போடலாமோ என்று கட்டாயம் கேட்பார்கள். நடுவில் ஓட்டையுள்ள சாதாரணப் பொப் றிவெற் தண்ணீருக்குக் கீழே ஒரு பருவம்கூடத் தாங்காது. இருக்கைப் பெட்டிக்குள் கை போகாத இடத்துக்கு மட்டும், முனை மூடிய வகையில், நடுத்தண்டும் அலுமினியமாக இருக்கிறதை வாங்குங்கள். இரும்புத் தண்டு உள்ளே துருப்பிடித்துச் சுற்றியுள்ள அலுமினியத்தையும் கெடுக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் உள்பக்கப் பூச்சு. குளுவிற் என்ற இரண்டு பாக எப்பொக்சி இதற்கென்றே வருகிறது. இறுகிய பிறகும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். தகட்டை வெயிலிலோ சூட்டுத் துப்பாக்கியாலோ சூடாக்கிப் பூசினால் மெல்ல இளகி இடுக்குகளுக்குள் தானாக இறங்கும். எந்த எப்பொக்சியாக இருந்தாலும் அலுமினியத்தில் ஒட்டவைக்க ஒரு நுட்பம் உண்டு. தேய்த்து மினுக்கிய அலுமினியம் காற்றுப் பட்டவுடனே ஒக்சைட் தோலைப் போர்த்திக்கொள்ளும். அதன்மேல் பூசினால் தோலோடு உரிந்து வரும். அதனால் முதலில் எப்பொக்சியை மெல்லிதாகப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே அரத்தாளால் அதற்கூடாகத் தேயுங்கள். தெளிந்த எப்பொக்சி சாம்பல் நிறமாகக் கலங்கும். பழைய தோல் பெயர்ந்து, புதுத்தகடு காற்றைக் காணாமலே எப்பொக்சியைத் தொடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கையுறை கட்டாயம்.

சிலிக்கோன் பற்றி ஆத்திரமில்லாமல் எழுத முடியவில்லை. என் வள்ளத்தை முன்பு வைத்திருந்தவர் குளியலறைச் சிலிக்கோனைக் குழாய் குழாயாக, அடியில் நடுவே நீளமாக ஓடுகிற ஏராவின் இரண்டு பக்கமும் பிழிந்திருந்தார். அது கசிவை ஒரு கோடைக்குக்கூட நிற்பாட்டியிருக்காது. ஆனால் சிலிக்கோன் பட்ட இடத்தில் பெயின்ற், எப்பொக்சி, சீலன்ற் எதுவுமே ஒட்டாது. பிளாஸ்ரிக் கத்தியால் சுரண்டி, தேய்த்து, திரும்பவும் தேய்த்து எடுக்க வேண்டும். இதில் போன நேரத்தில் பின்பலகையை இரண்டு தரம் மாற்றியிருக்கலாம். வினாகிரி மணம் வருகிற வகை, இறுகும்போது அசற்றிக் அமிலத்தையும் விட்டு அலுமினியத்தை அரிக்கிறது.

வெல்ட் அடித்தால் என்ன என்பதும் வருகிற கேள்விதான். றிவெற் வரிசையில் வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டில் பக்கத்திலுள்ள றிவெற்றுகள் தளரும், தகடுகளுக்கு இடையில் உள்ள பழைய சீலன்ற்றும் அழுக்கும் கொதித்து வெல்டைக் கெடுக்கும்.

அடுத்தது மரம். பின்பலகைக்கு 3/4 அங்குல வெளிப்பாவனைப் பிளைவூட் இரண்டை நீர்புகாப் பசையால் ஒட்டினால் ஒன்றரை அங்குலம் வரும். விளிம்பெல்லாம் எப்பொக்சி குடிக்கிறவரை குடிக்க விடுங்கள். போல்ற் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, எப்பொக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு சரியான அளவில் திரும்பத் துளைத்தால் தண்ணீர் மரத்தைக் காணவே காணாது. "உக்காத மரம்" என்று பச்சை நிற மருந்தேற்றிய மரத்தை மட்டும் வைக்காதீர்கள். 2003 முடிவோடு கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுப் பாவனை மரத்தில் ஆர்செனிக் மருந்தை நிற்பாட்டிய பிறகு, அந்த இடத்துக்கு வந்த மருந்துகளில் செம்பு முன்பைவிடக் கூட. ஈரமான செம்பும் அலுமினியமும் தொட்டால் பற்றரிபோல் வேலை செய்து அலுமினியம் கரையும். பழைய செம்பு ஒரு சதக் குற்றி ஒன்று வள்ளத்தின் அடியில் ஈரத்தோடு கிடந்தாலே தகட்டில் குழி விழும். வள்ளத்துக்குள் இவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, ட்ரெயிலர் கட்டைக்கு அதே பச்சை மரத்தை வாங்கி ஈரம் பிடிக்கும் கம்பளம் சுற்றி, அதன்மேல் வருடம் முழுக்க வள்ளத்தை வைக்கிறார்கள். அடித்தகட்டில் இரண்டு நீளக் கோடாக வெள்ளைப் பூப்பூத்த குழிகளைக் கண்டால் காரணம் இதுதான்.

இருக்கைகளின் கீழுள்ள நுரை: மிகத் தாழ்ந்த மூலையில் ஒரு துண்டு வெட்டிப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் வந்தால் முழுவதையும் எடுக்க வேண்டும். காய்ந்த நல்ல நுரை ஒரு கன அடி ஏறக்குறைய 60 இறாத்தலைத் தூக்கும்; ஊறியது தன்னையே தூக்காது. எடுத்த அளவு கன அடியைத் திரும்ப வைப்பது கட்டாயம், இது உயிர் சம்பந்தப்பட்டது. நீல, இளஞ்சிவப்புப் பலகை நுரை நல்லது. ஆனால் பெற்றோல் பட்டால் கரையும், எரிபொருள் தாங்கிப் பக்கம் வேண்டாம். அடியில் ஒரு விரல் இடைவெளி விட்டு வைத்தால் தண்ணீர் வடிகால் துளைக்கு ஓடும்.

பெயின்ற் பற்றி அதிகமில்லை. இரும்புக் கம்பித் தூரிகை தொடக்கூடாது, அதன் துகள் தகட்டில் பதிந்து துருவாக எழும்பும். தேய்த்த அன்றே எட்ச் பிறைமர் என்ற முதற்பூச்சை அடிக்க வேண்டும். வள்ளத்தின் வெளி அடிக்குச் செம்பு கலந்த பெயின்ற் கூடாது. உள்பக்கத்துக்கு மினுக்கமில்லாத வெளிர் சாம்பல், இல்லாவிட்டால் மத்தியானத்தில் கண் கூசும். மோட்டர் 10 குதிரைவலுவோ அதற்கு மேலோ என்றால் அனுமதி இலக்கம் அணியத்தின் இரண்டு பக்கமும் 7.5 சென்ரிமீற்றர் உயரத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். நிறம் தெரிவு செய்ய முன் அதையும் யோசியுங்கள்.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்று உண்டு. தளத்தில் ஒட்டிய தண்ணீர் உறிஞ்சாத 6 மில்லிமீற்றர் நுரைப் பாய். வெறும் அலுமினியத்தில் ஒரு ஈயக்குண்டு விழுந்தாலே மேளம் அடித்ததுபோல இருக்கும். பாய் ஒட்டிய பிறகு ஆழமில்லாத தண்ணீரில் பிக்கரல் மீன் கூட்டத்துக்கு மேலே சத்தமில்லாமல் நிற்க முடிகிறது. புதுப் பின்பலகையில் 9.9 குதிரைவலு மோட்டர் அதிராமல் நிற்கிறது. இரண்டு பேரோடு தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடுகிறது, முழங்கால் ஆழத்தில் கரைக்கு இழுக்கலாம். இந்த அளவில் இதைவிட நல்ல மீன்பிடி வள்ளம் இல்லை என்பது மனதாரச் சொல்வது.

அப்படியிருந்தும் தம்பிக்குச் சொன்ன பதில், எடுக்காதே. இந்த ஜூனிலும் ஏராவின் முன்பக்கத்தில் ஐந்து றிவெற் திரும்பக் கசிந்தது. முன்பு அடித்த அதே ஐந்து. இந்த முறை 1/4க்கு மாற்றியாகிவிட்டது. இரண்டு மூவாயிரம் டொலர் சேர்த்து, வெல்ட் செய்த பழைய வள்ளமொன்றைப் பார்ப்பது நல்லது.

எடுத்தே தீருவதென்றால் போகும்போது ஒரு தமருசியும் ரோர்ச்சும் கொண்டு போங்கள். மோட்டர் கவ்வுகிற இடத்துக்குக் கீழே, பின்பலகையின் உள்பக்கம் தமருசியைக் கையால் அழுத்துங்கள். வெண்ணெய்போல இறங்கினால் மரம் போய்விட்டது, அது ஒரு வார இறுதி வேலை, பயப்பட வேண்டாம். பிறகு ரோர்ச்சோடு ட்ரெயிலருக்குக் கீழே படுத்து, ஏராவின் முன் மூன்றிலொரு பகுதியில் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இருபதுக்குள் என்றால் ஏற்றிக்கொண்டு வாருங்கள், அடிக்க ஆள் தேவை என்றால் வெளியே நான் நிற்கிறேன். சிலிக்கோன் பூசியிருந்தால் எண்ணவே வேண்டாம்.